ஆரல்வாய்மொழிக்கு மேற்கே மழை, கிழக்கே வெறும் காற்று: கணவாய் திறந்துதானே கிடக்கிறது?

திட்டுவிளை மருமகன் கேட்டது:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை. மனைவி வீடு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் திட்டுவிளை. பெரும்பாலும் ஆனி, ஆடியில்தான் போவோம், பஸ்ஸில். வள்ளியூர், பணகுடி வரைக்கும் ஒரே புழுதி. காவல்கிணறு திரும்பியதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகள், எல்லாம் வெறிபிடித்தது மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டு எடுப்பார். அங்கிருந்து ஆரல்வாய்மொழி கழிந்து தோவாளை வருவதற்குள் தூறல் விழும், ஜன்னலை இறக்க வேண்டியிருக்கும். வெள்ளமடம் தாண்டினால் வயல், வாழை, குளம் நிறைய தாமரை. வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டது போல ஆகிவிடும். இத்தனைக்கும் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தூரம் இருக்குமா?

மாமனாரிடம் கேட்டால் "மலை மறிக்குது, அதான்" என்கிறார். மறிக்கட்டும். ஆனால் ஆரல்வாய்மொழியில் மலையே இல்லையே, கணவாய் திறந்துதானே கிடக்கிறது? அந்த வழியாக இவ்வளவு காற்று போகிறதே, கூடவே மழை ஏன் போகவில்லை? அடுத்தது, குற்றாலமும் மலைக்குக் கிழக்கேதான் இருக்கிறது. அங்கே மட்டும் அதே ஆனியில் எப்படிச் சாரல்? ஐப்பசியில் போனால் இரண்டு பக்கமும் பெய்கிறது, அப்போது மலை எங்கே போயிற்று?

வெறும் ஆர்வத்தில் கேட்கவில்லை. பணகுடிக்குத் தெற்கே 2 ஏக்கர் விலைக்கு வருகிறது. திட்டுவிளைப் பக்கம் கேட்கிற விலையில் பாதிகூட இல்லை. தென்னை வைக்கலாம் என்று ஆசை. புரோக்கர் "கார்த்திகை மாதம் வந்து பாருங்கள் சார், பச்சைப் பசேல் என்று இருக்கும்" என்கிறார்.


பூகோளப் புலி:

மழை மறைவுப் பிரதேசம். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படம் போட்டு அம்புக்குறியோடு இருக்கும். இதற்கு ஒரு தனித் திரியா?


முப்பந்தல் மெக்கானிக்:

திட்டுவிளை மருமகன்னா எங்க ஊருக்கும் மருமகன்தான். நான் ஆரல்வாய்மொழிக்காரன். காத்தாடி பராமரிப்பு வேலையில இருந்து ஓய்வு பெத்தவன். 30 மீட்டர் கம்பிக் கோபுரம் இருந்த காலத்துல வேலைக்குச் சேந்தேன், 100 மீட்டருக்கு மேல குழாய்க் கோபுரம் வந்த பிறகு இறங்கினேன். அந்தக் காத்தை மூஞ்சியில வாங்கினவன்ங்கிற உரிமையில எழுதுதேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

புலி சார் சொன்னது தப்பில்ல. ஆனா அது நீங்க கேட்டதுக்குப் பதில் இல்ல. மலைக்குப் பின்னாடி மழை இல்லன்னு புத்தகம் சொல்லுது. நீங்க கேக்கது, மலையே இல்லாத வாசல்ல ஏன் மழை இல்லன்னு.

மேகம் வந்தா மட்டும் மழை பெய்யாது. காத்து மேல ஏறணும். ஏறினாத்தான் குளிரும், குளிர்ந்தாத்தான் உள்ள இருக்க ஈரம் தண்ணியா மாறும். மேற்குக் கடல்ல இருந்து வாற காத்துக்குப் பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மலை குறுக்க நிக்குது, வேற வழியில்லாம ஏறுது, அங்கேயே கொட்டிருது. ஆரல்வாய்மொழியில ஏற வேண்டிய கட்டாயமே இல்ல. லாரிகூட பெருசா கியர் மாத்தாம அந்தக் கணவாயைத் தாண்டிரும். அதனால காத்து தன்னோட ஈரத்தை அப்படியே வச்சுக்கிட்டு ராதாபுரம் பக்கம் போயிருது. ஆனி மாசம் காலையில கோபுரத்து மேல நின்னா கைப்பிடிக் கம்பி நனைஞ்சு கிடக்கும், தலைக்கு மேல மேகம் ஒண்ணு பின்னால ஒண்ணா கிழக்க ஓடும். கீழ தரை மட்டும் காஞ்சு கிடக்கும். ஈரம் இல்லாம இல்ல, தம்பி. இறங்கி வரத்தான் வழியில்ல.

இப்ப மலையைத் தாண்டி வாற காத்துக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. குளச்சல் கடற்கரையில 30 டிகிரி. மேகம் கட்டுற வரைக்கும் 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் குளிரும். 500 மீட்டர்ல மேகம் கட்டுதுன்னு வச்சுக்கிட்டா அங்க 25. மேகம் கட்டின பிறகு ஈரம் தண்ணியாகும்போது சூட்டை வெளிய விடும், அதனால அதுக்கு மேல 1000 மீட்டருக்கு 5 டிகிரிதான் குறையும். மகேந்திரகிரி 1650 மீட்டர் பக்கம். உச்சிக்குப் போகும்போது 19 சில்லறை. தண்ணியை எல்லாம் மேற்குச் சரிவுல கொட்டிட்டு அந்தப் பக்கம் இறங்கும்போது மறுபடியும் 1000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகும். பணகுடி அடிவாரத்துக்கு வரும்போது 35, 36 ஆயிரும். அதே காத்துதான். குளச்சல்ல ஈரமா குளுகுளுன்னு இருந்தது, பணகுடியில வெந்து காஞ்சுபோயி வருது. நிஜத்துல காத்து முழுசும் ஏறி இறங்காது, பாதி சுத்திப் போகும், அதனால இந்த அளவுக்கு வித்தியாசம் எப்பவும் இருக்காது. ஆனா திசை இதுதான்.

அப்ப உங்க புழுதிக்குக் காரணம் ரெண்டு. மலையைத் தாண்டினது காஞ்சு வருது. கணவாய் வழியா வந்தது ஈரத்தோட ஆனா ஏறாம ஓடுது. ரெண்டும் கிழக்க வந்து சேந்து மண்ணை உலர்த்துது.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் பெருசா பேசமாட்டாங்க. மலை எந்தத் திசையில நீண்டு கிடக்குங்கிறது. எல்லாரும் உயரத்தையே பேசுவாங்க. தென்மேற்குப் பருவக்காத்துன்னு பேரு இருந்தாலும் எங்க ஊர்ல அது தென்மேற்குல இருந்து வாறது குறைவு. சீசன்ல காத்தாடி மூஞ்சி மேற்கைப் பாத்து, இல்ல மேற்குல இருந்து கொஞ்சம் வடக்க திரும்பித்தான் நிக்கும். அந்தப் பொறி தானாத் திரும்பி காத்துக்கு நேரா நிக்கிறது, அதனால பொய் சொல்லாது. மலையும் அதே மாதிரி வடமேற்குல இருந்து தென்கிழக்கா சாஞ்சு வந்து முடியுது. காத்து மலை மேல நேருக்கு நேரா மோதாம, பக்கவாட்டுல உரசிக்கிட்டுப் போவுது. அதனாலதான் தெக்க வரவர மழை குறையும். கேரளா முழுசுக்கும் சராசரி ஏறத்தாழ 3000 மி.மீ., திருவனந்தபுரம் வந்தா 1800 பக்கம். எங்க ஜில்லாவுக்குள்ளயே பாருங்க: குலசேகரம், பேச்சிப்பாறையில ரப்பர், அன்னாசி, நாகர்கோவில்ல நெல்லு, அஞ்சுகிராமம் வந்தா பனை. ஒரே ஜில்லாப் பஸ் பயணத்துல மூணு சீமை.

கணவாயோட வேகத்துக்கு வாறேன், அதுதான் என் சாப்பாடு. வாய்க்கால் அகலமா வந்து மடையில ஒடுங்கும்போது தண்ணி பீச்சிக்கிட்டுப் போகும் பாருங்க, அதே கதை. வடக்க மகேந்திரகிரி இறங்கி வாற தோள், தெக்க தேவசகாயம் பிள்ளையை 1752-ல சுட்டுக் கொன்ன காற்றாடிமலை, ரெண்டுக்கும் நடுவுல காத்து நெருங்கிப் பாயுது. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்க சக்தி எட்டு மடங்கு. அதனாலதான் காட்டை விலைக்கு வாங்க ஆள் வராத ஊர்ல 1990-கள்ல கம்பெனிக்காரங்க வரிசை கட்டி நின்னாங்க. வைகாசிக் கடைசியில இருந்து புரட்டாசி வரைக்கும் எங்களுக்குச் சீசன். அந்தக் காலத்துல மேல ஏறி வேலை பாக்கிறது சிரமம், கோபுர உச்சியில பொறி இருக்க கூண்டு, நாசெல்னு சொல்லுவோம், அது ஆடும், ஸ்பானர் கையில நிக்காது. கியர்பாக்ஸ் எண்ணெய் மாத்துறது, போல்ட் இறுக்குறது எல்லாம் மாசி, பங்குனியிலயே முடிச்சிரணும். சீசன்ல ஒரு காத்தாடி நின்னுபோச்சுன்னா முதலாளிக்கு வருஷ வருமானத்துல பெரும்பகுதி போச்சு, அந்த போன் சத்தம் இப்பவும் காதுல கேக்கும்.

இறக்கையோட முன்விளிம்பைக் கிட்ட இருந்து பாத்திருக்கீங்களா? மணல் அரிச்சு சொரசொரன்னு இருக்கும். அந்தப் புழுதிதான் உங்க பஸ் ஜன்னல்ல வந்தது.

ஐப்பசி விஷயம். அப்ப காத்தே திரும்பிருது. காத்தாடி எல்லாம் கிழக்கையும் வடகிழக்கையும் பாத்து நிக்கும், பாதி நாள் சோம்பலா சுத்தும், பாதி நாள் சுத்தாது. அந்த மழை பெரும்பாலும் வங்கக்கடல்ல உருவாகுற தாழ்வுநிலை கொண்டு வாறது. அந்தச் சுழற்சியிலயே காத்து மேல ஏறும், மலை வந்து ஏத்திவிட வேண்டியதில்ல. அதனால ரெண்டு பக்கமும் பெய்யும். மலை இருந்தா கூடுதலாப் பெய்யும், அவ்வளவுதான். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சுதே, அது கடற்கரை. மலை அங்க இருந்து எவ்வளவு தூரம்! குமரி மாவட்டத்துல கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல்லு நடுறது இந்த ரெண்டு பருவத்தையும் நம்பித்தான். கணவாய்க்குக் கிழக்க இருக்கவங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை ஒண்ணுதான் கதி.


திட்டுவிளை மருமகன்:

அண்ணாச்சி, மிக்க நன்றி. மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். "காளிகேசத்துல மழைன்னா நம்ம வாய்க்கால்ல மறுநாள் தெரியும், அதை விட்டுட்டாரே" என்றார். கணவாயில் காற்று ஏறுவதில்லை என்பது புரிந்தது. அப்படியானால் குற்றாலம்? செங்கோட்டையிலும் கணவாய்தானே இருக்கிறது?


பிசானம்:

இதுக்கு நான் பதில் சொல்றேன். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வயல். சின்ன வயசுல நாலுமுக்கு எஸ்டேட்ல இருந்தோம், மாஞ்சோலைக்கு மேல. அதனால ரெண்டு மழையையும் பக்கத்துல பாத்தவ.

செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஒண்ணு இல்ல. ஆரல்வாய்மொழி சமதளம் மாதிரி. செங்கோட்டை, ஆரியங்காவு வழி அப்படியில்ல, ஏறித்தான் வரணும். கொல்லம் ரயிலுக்கு 1904-ல பாதை போட்டவங்க குகையும் பதிமூணு கண் பாலமும் கட்ட வேண்டி வந்தது சும்மாவா? தென்மலையில இருந்து காத்து ஏறி, மேகமாத் திரண்டு, பெய்ஞ்சுக்கிட்டே தாண்டுது. தாண்டினதும் மழை சட்டுன்னு நிக்காது, மிச்சம் மீதி சிதறி விழும். அந்தச் சிதறல்தான் சாரல். தென்காசி வரைக்கும் வரும், அதுக்குக் கிழக்க சுரண்டை போனா காத்து மட்டும்தான் வரும், அங்கேயும் காத்தாடிதான் நிக்குது.

அருவித் தண்ணி வேற கணக்கு. சிற்றாறு பிறக்கிறது குற்றாலத்துக்கு மேல மலை முகட்டை ஒட்டி. முகட்டுல பெய்யுற மழையில ஒரு பங்கு இந்தப் பக்கம் வழியுது. டவுன்ல வெயில் அடிச்சாலும் ஐந்தருவியில குளிக்க விடாம போலீஸ் கயிறு கட்டி நிக்கும்.

நாலுமுக்கு, ஊத்து எல்லாம் கிழக்குச் சரிவுதான், ஆனா முகட்டுக்குப் பக்கத்துல, 1000 மீட்டருக்கு மேல. ஆடியில மேற்குல இருந்து வழிஞ்சு வர்ற மழை, ஐப்பசியில கிழக்குல இருந்து நேரா மோதுற மழை, ரெண்டும் உண்டு. துணி காயவே காயாது. அடுப்புக்கு மேல கம்பி கட்டி உலத்துவாங்க எங்க அம்மா. அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் காலில் தடவிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். மணிமுத்தாறு இறங்கி வந்தா அங்க ஒரு சொட்டு இருக்காது, ஆளுங்க எங்களை வேற கிரகத்துல இருந்து வந்தவங்க மாதிரி பாப்பாங்க, கையில நனைஞ்ச குடை வேற.

தாமிரபரணி வத்தாம இருக்கிறதுக்கும் இதுதான் காரணம். பொதிகையில ஆனி ஆடியில பெய்யுறது கார்ங்கிற முதல் போக நெல்லுக்கு, ஐப்பசியில பெய்யுறது பிசானம்ங்கிற ரெண்டாம் போகத்துக்கு. கார் சாகுபடிக்கு எங்க வயல்ல மழை பெய்யவே வேணாம். மேல பாபநாசம் அணைக்குத் தண்ணி வந்தா போதும், நாங்க வெயில்ல நின்னுக்கிட்டு நாத்து நடுவோம். மழை பெய்யுற இடம் ஒண்ணு, நெல் விளையுற இடம் ஒண்ணு. வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு இது புரியறதே இல்ல, "மழையே இல்லாத ஊர்ல எப்படிம்மா இவ்வளவு பச்சை"ன்னு கேப்பாங்க.


கல் வாத்தியார்:

காற்றையும் மழையையும் நீங்கள் பிய்த்து எடுத்துவிட்டீர்கள். மலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், தொழில் அது.

மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலை போல மடிந்து எழுந்த மலை அல்ல. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. பிரிந்த விளிம்பு உயர்ந்து நின்றது, மழையும் ஆறும் அதை அரித்து இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தன. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி 1600 கி.மீ. வருகிறது. ஆனால் வடக்கே மகாராஷ்டிரத்தில் நீங்கள் பார்ப்பது எரிமலைக் குழம்பு படிப்படியாக உறைந்த பாறை; தெற்கே நம் பக்கம் இருப்பது அதைவிடப் பல மடங்கு பழைய சார்னோகைட்டும் நைஸும். பூமிக்குள் மிக ஆழத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெந்து உருமாறியவை. கருங்கல் குவாரி லாரியில் போகிறதே, அதுதான். ஒரே பெயரில் அழைப்பதால் ஒரே மலை என்று நினைத்துவிடுகிறோம்.

கணவாய்களும் தற்செயல் அல்ல. பாலக்காடு, செங்கோட்டை இரண்டும் பழைய நொறுங்குமண்டலங்களின் மேல் அமைந்தவை. பாறை எங்கே நலிந்திருந்ததோ அங்கே அரிப்பு வழி கண்டுபிடித்தது. செங்கோட்டை வழியாகப் போவதற்கு அச்சன்கோவில் நொறுங்குமண்டலம் என்றே பெயர்.

மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன திசை விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: மலைத்தொடரின் பெரும்பகுதியில் மேற்குப் பக்கம் செங்குத்து, கிழக்குப் பக்கம் பீடபூமியாகச் சாய்வு. ஆனால் அகத்தியமலைக்குத் தெற்கே பீடபூமியே கிடையாது. களக்காடு, திருக்குறுங்குடி, பணகுடியில் நின்று பாருங்கள், கிழக்கு முகமும் சுவர் எழுப்பியது மாதிரி நிற்கும். அதனால் நம்பியாறு, அனுமன் நதி, பச்சையாறு எல்லாம் குட்டை ஆறுகள். மலையில் கொட்டினால் சில மணி நேரத்தில் வெள்ளம், அடுத்த வாரம் மணல்.

அந்த மணலில்தான் எனக்கு ஆர்வம். மலைப் பாறையில் இருக்கும் கார்னெட், இல்மனைட், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் எல்லாம் பாறை சிதைந்ததும் பிரிந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை அவற்றை எடை பார்த்துப் பிரித்துக் கரையில் போடுகிறது. கன்னியாகுமரியில் பொட்டலம் கட்டி விற்கிற ஏழு வண்ண மணலில் இருக்கும் சிவப்பும் கறுப்பும் இப்படி வந்தவை. குமரிக் கடற்கரையில் இருக்கும் மணவாளக்குறிச்சி மணலின் மதிப்பு வெளியுலகத்துக்குத் தெரிந்ததே வேடிக்கை. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருக்கிறது என்று 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். நம் ஆள் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

மலை எங்கே முடிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் மருந்துவாழ்மலையோடு என்று சொல்லலாம், அதற்குத் தெற்கே உதிரிப் பாறைகள்தான். பாறை வகையில் பார்த்தால் முடியவே இல்லை, இலங்கையின் நடுமலைநாட்டிலும் இதே குடும்பத்துப் பாறைகள் இருக்கின்றன.


பூகோளப் புலி:

சரி, தனித் திரி தேவைதான்.

ஒரு சந்தேகம் எனக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் சிவப்பு மணல் மேடு, தேரி. அதுவும் இந்தக் காற்றின் வேலையா?


கல் வாத்தியார்:

ஆமாம், தேரி காற்று குவித்த மணல்தான். இட்டமொழி, குதிரைமொழி எல்லாம் அந்த வகை. சிவப்பு, மணல் துகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. இன்று நேற்று குவிந்ததல்ல, பல ஆயிரம் ஆண்டு வேலை. ஆடி மாதம் குதிரைமொழித் தேரிக்குப் போனால் பகலிலேயே மணல் தரையோடு தரையாக ஓடுவதைப் பார்க்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள்.


முப்பந்தல் மெக்கானிக்:

நிலத்துக்கு யாரும் பதில் சொல்லல, அதான் திரும்ப வந்தேன்.

மருமகனே, கார்த்திகையில பாக்கப் போகாதீங்க. கார்த்திகையில எங்க சுடுகாடுகூட பச்சையாத்தான் இருக்கும். ஆடியில ஒரு தடவை போங்க, காத்துக்காக. சித்திரையில ஒரு தடவை போங்க, கிணத்துக்காக. போறப்ப மரத்தைப் பாருங்க. வேம்பும் உடைமரமும் கிழக்குப் பக்கமா கொண்டை சாஞ்சு வளந்திருந்தா அந்த நிலம் நேரா காத்துப் பாதையில இருக்குன்னு அர்த்தம். பனை சாயாது, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

தென்னைக்கு ஏக்கருக்கு 70 கன்னு வைப்பாங்க, 2 ஏக்கருக்கு 140. காய்ப்புக்கு வந்த மரம் கோடையில சொட்டுநீர்ல விட்டாலும் நாளுக்கு 65 லிட்டராவது கேக்கும். அப்ப தினம் 9000 லிட்டர். அதுவும் காத்து குறைவான ஊர்க் கணக்கு. எங்க காத்துல இலையில இருந்து தண்ணி பறந்துரும், இன்னும் கூட வேணும். மாமனார் வீட்டுப் பக்கம் மேல இருந்து மழையும் வாய்க்காலும் பங்கு போட்டுக் குடுக்கும். இங்க முழுக்க மோட்டார்தான்.

இன்னொண்ணு, பத்திரத்துல காத்தாடிக்கு வழிவிட்ட பாதை, தரைக்கடி கேபிள், மேல போற உயரழுத்த லைன் ஏதாச்சும் இருக்கான்னு ஒரு வக்கீலை வச்சுப் பாத்துருங்க. லைனுக்கு அடியில தென்னை வைக்க விடமாட்டாங்க.

நிலம் நாலுவழிச் சாலைக்கு மேற்கயா, கிழக்கயா?


திட்டுவிளை மருமகன்:

கிழக்கே, அண்ணாச்சி. சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும்.


முப்பந்தல் மெக்கானிக்:

மேற்கன்னா கொஞ்சம் யோசிச்சிருப்பேன். மலையடிவாரத்துல அனுமன் நதித் தண்ணி குளத்துக்கு வரும், குளம் நிறைஞ்சா கிணறு ஊறும், தென்னையும் அங்கங்க நல்லாத்தான் நிக்குது. கிழக்க மூணு கிலோமீட்டர்னா தென்னை ஆசையை விட்டுருங்க. வாழையை நினைச்சே பாக்காதீங்க, தார் தள்ளுற நேரத்துல ஆடிக் காத்து வந்து மொத்தத்தையும் படுக்கப் போட்டுரும். முருங்கை, நெல்லி, புளி வரும். மேற்கு எல்லையில ரெண்டு வரிசை பனங்கொட்டை ஊனுங்க. விலையில இன்னும் குறைச்சுக் கேளுங்க, புரோக்கருக்கு இந்தக் காத்தைப் பத்தி உங்களைவிட நல்லாத் தெரியும்.